கோர்ட்டுத் தீர்ப்பும் நாசர் காரியாலயமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஏறக்குறைய எல்லா ராஜ்யங்களிலும் ஒவ்வொரு ஜில்லாவுக்கும் ஷெரீப் என்று ஓர் உத்தியோகஸ்தர் இருக்கிறார். பெரும்பாலும் அவர் ஜனங்களின் வோட்டினால் தேர்ந்தெடுக்கப்படுகிறவர். இடுப்பிலே துப்பாக்கியும் மார்பிலே நட்சத்திரச் சின்னமும் தரித்துக் கள்வரைத் துரத்திச் செல்பவர் என்றே சினிமாப் படங்களைப் பார்த்த நம்மவர்கள் அவரைப் பற்றி எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். அவருடைய காரியாலயத்திற்குள் நுழைந்து பார்த்தாலோ, துப்பாக்கிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பகுதி அங்கே ஓயாமல் வேலை செய்து கொண்டிருக்கும். கோர்ட்டுகள் அனுப்பும் சம்மன்களை வாங்கிப் பதிவு செய்வது, கட்டணம் வசூலிப்பது, எந்தத் தெருவுக்கு யார் போவது என்று பங்கிடுவது, சேர்ப்பித்த விவரத்தைக் கோர்ட்டுக்கு எழுதி அனுப்புவது, ஜப்தி செய்த பொருளைக் காப்பது, ஏலம் போட்ட பணத்துக்குக் கணக்கு வைப்பது முதலியவை அந்தப் பகுதியின் அலுவல்கள். பத்திரிகையில் ஷெரீபின் படம் வரும். இந்தக் குமாஸ்தாக்களின் பெயர் வருவதில்லை.

ஷெரீப் பதவி பிறந்த இடம் இங்கிலாந்து. ‘ஷயர்’ என்னும் ஜில்லாவில் அரசனுடைய காரியங்களைப் பார்த்து வந்த ‘ரீவ்’ என்னும் அதிகாரியே காலப்போக்கில் ஷெரீப் ஆனார். வெள்ளைக்காரக் கம்பெனியார் சென்னைப் பட்டணத்தில் தங்கள் கோர்ட்டுகளை ஸ்தாபித்தபோது இந்தப் பதவியையும் கப்பலேற்றிக் கொண்டு வந்தார்கள். 1726-ஆம் வருஷத்து ராஜ சாசனத்தினால் மேயர் கோர்ட்டு ஏற்பட்ட காலத்தில் வந்த ஷெரீப், 1801-இல் சுப்ரீம் கோர்ட்டு வந்தபோதும், 1862-இல் ஹைக்கோர்ட்டு வந்தபோதும் அகலவில்லை. நாளடைவில் அது நகரப் பிரமுகர் ஒருவருக்கு அளிக்கப்படும் கௌரவமாக மாறிற்று. விருந்தினரை வரவேற்பதும் பொதுக்கூட்டம் கூட்டுவதும் ஷெரீபின் பங்கு. சம்மனும் ஜப்தியும் அவருடைய பெயரால் டிபுடி ஷெரீபும் குமாஸ்தாக்களும் பார்த்துக் கொண்ட வேலை. பம்பாயிலும் கல்கத்தாவிலும் இப்பதவி இன்றும் இருக்கிறது. சென்னையில் கடந்த நூற்றாண்டின் இறுதியோடு அது மறைந்து போயிற்று. இங்கிலாந்திலேயே ஹைக்கோர்ட்டு டிக்ரிகளை நிறைவேற்றும் பொறுப்பு 2004-ஆம் வருஷத்தில் ஷெரீபுகளிடமிருந்து எடுக்கப்பட்டு வேறு உத்தியோகஸ்தர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பதவி போனதற்காக நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை. அந்த வேலை எங்கும் போய்விடவில்லை என்பதே கவனிக்கத்தக்கது.

பட்டணத்துக்கு வெளியே, நமது ஜில்லாக்களில், ஷெரீப் என்றுமே இருந்ததில்லை. அவர் செய்ய வேண்டியதையெல்லாம் நாசரும் அமீனாவும் செய்து வருகிறார்கள். இரண்டும் அரபு மொழியிலிருந்து நவாபுகள் காலத்து நிர்வாகத்தின் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த சொற்கள். நாசர் என்றால் மேற்பார்வை பார்ப்பவர். அமீன் என்றால் நம்பத்தக்கவர். ‘அமீனா வருகிறான்’ என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டுக் கதவைத் தாழிடுகிற ஜனங்களுக்கு அந்தப் பெயரின் பொருள் இதுவென்று சொன்னால் சிரிப்பார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரை எடுத்துக் கொள்வோம். விருதுநகர் ஜில்லாவின் கலெக்டர் கச்சேரி விருதுநகரில் இருக்கிறது. ஜில்லா கோர்ட்டு மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. 1910-ஆம் வருஷம் வரையில் இவ்வூர் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. பிறகு ராமநாதபுரத்தோடு சேர்க்கப்பட்டது. 1985-இல் ராமநாதபுரம் மூன்றாகப் பிரிந்தபோது இப்போதைய ஜில்லாவில் அடங்கிற்று. ஆண்டாள் கோவிலுக்கு வருகிற யாத்திரிகர்களோடு அதே பஸ்ஸிலிருந்து, மஞ்சள் பையில் தஸ்தாவேஜுக் கட்டுடன் இறங்குகிற கட்சிக்காரர்களையும் இவ்வூரில் காணலாம். பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டர் தெற்கே ராஜபாளையம். அங்கும் கோர்ட்டுகள் உண்டு. பஞ்சாலைகளும், நூல் வியாபாரமும், அருகே சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய கட்டுத்துணி நெசவும், தளவாய்புரத்தில் தையல் தொழிலும் நிறைந்த அந்தப் பிரதேசத்தில் கொடுக்கல் வாங்கல் அதிகம்; ஆகவே தாவாவும் உண்டு.

சம்மன் போகும் வழி

ராஜபாளையத்து நூல் வியாபாரி ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூர் நெசவாளி ஒருவருக்குக் கடனாக நூல் கொடுத்தார் என்றும், பாக்கி நின்று போகவே தாவா தொடுத்தார் என்றும் வைத்துக் கொள்வோம். பிராது நம்பராகிவிட்டது. அதன் பிறகு என்ன நடக்கிறது என்று அந்த வியாபாரியைக் கேட்டால், ‘வக்கீல் பார்த்துக் கொள்வார்’ என்பார். வக்கீலைக் கேட்டால், ‘பேட்டா கட்டியாகிவிட்டது’ என்பார். பேட்டா கட்டிய பிறகு நடப்பதுதான் நாம் இங்கே சொல்ல வந்தது.

வாதி கட்டணம் செலுத்திப் பிராதின் நகலையும் கொடுத்தவுடன் கட்டளை எழுத்தர் சம்மனை எழுதுகிறார். இதில் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், தெரு, ஆஜராக வேண்டிய தேதி ஆகிய ஒவ்வொன்றும் முக்கியம். ஒரே தெருவில் ஒரே பெயர் கொண்ட மூன்று பேர் இருக்கிற ஊர்கள் இவை. தகப்பனார் பெயரை விட்டுவிட்டால் கோர்ட்டின் கட்டளை வேறொருவர் வீட்டு வாசலில் போய் நிற்கும். கையெழுத்தும் கோர்ட்டு முத்திரையும் ஆன பின் சம்மன் நாசரிடம் வருகிறது. அவர் அதைப் புத்தகத்தில் ஏற்றி, எந்தக் கிராமம் யாருடைய வட்டம் என்று பார்த்து, கட்டளைப் பணியாளரிடம் கொடுக்கிறார். மல்லிக்கு ஒருவர், மம்சாபுரத்துக்கு ஒருவர், மலையடிவாரத்து வத்திராயிருப்புப் பக்கம் ஒருவர் என்று பங்கிட்டால்தான் வேலை நடக்கும். விசாரணைத் தேதிக்கு முன்னால் சம்மன் திரும்பி வந்தாக வேண்டும். வந்ததா இல்லையா என்று கவனிப்பதும் நாசருடைய கடமை. வெளியூர்க் கோர்ட்டுகளிலிருந்து இங்கே சேர்ப்பிக்கும்படி வரும் சம்மன்களும் இதே மேஜைக்கு வந்து, இதே ஆட்கள் மூலம் சென்று, இதே புத்தகத்தில் பதிவாகித் திரும்புகின்றன. கோயமுத்தூரிலோ மதுரையிலோ ஒருவர் ராஜபாளையத்து மில்காரர் மேல் வழக்குப் போட்டாலும், அந்த வழக்கு நகருவது ராஜபாளையத்துக் கட்டளைப் பணியாளரின் காலைப் பொறுத்தது.

நாசருடைய மேஜையில் பணமும் புழங்குகிறது. சாட்சிகளுக்கான பேட்டா, கோர்ட்டில் கட்டும் டிபாசிட்டு, ஏலத்தொகை ஆகியவற்றுக்கெல்லாம் ரசீதும் கணக்கும் கஜானா செலானும் வேண்டும். இவற்றோடு கோர்ட்டின் நாற்காலி, அலமாரி, கடிகாரம், காகிதம், மை வரைக்கும் கவனிக்கிற பொறுப்பும் வழக்கமாய் அவர் தலையிலேயே விழுகிறது. பக்கத்து அறையில் நகல் பிரிவு. முற்காலத்தில் ‘படிப்பாளர்’ உரக்க வாசிக்க, ‘பரிசோதகர்’ மூலத்தோடு ஒப்பு நோக்குவார். நகல் எழுத்துக்கு எழுத்துச் சரியென்று அப்படித்தான் உறுதிப்பட்டது. இன்று ஜெராக்ஸ் யந்திரம் வந்துவிட்டபோதிலும் இந்த உத்தியோகப் பெயர்கள் நிலைத்திருக்கின்றன. 2024-ஆம் வருஷத்தில் சென்னை ஹைக்கோர்ட்டார் தமிழ்நாட்டு ஜில்லாக் கோர்ட்டுகளுக்கு ஆள் சேர்க்க வெளியிட்ட விளம்பரத்தில் பரிசோதகர், படிப்பாளர், முதுநிலை, இளநிலைக் கட்டளைப் பணியாளர், கட்டளை எழுத்தர், காவலர், துப்புரவாளர் எல்லாம் சேர்த்து 2,329 இடங்கள் காலியென்று காட்டியிருந்தது. நீதிபதி இடம் காலியாயிருந்தால் வக்கீல்கள் தீர்மானம் போடுகிறார்கள். கட்டளைப் பணியாளர் இடம் காலியாயிருந்தால் யார் தீர்மானம் போடுகிறார்கள்?

ஒரு வரிச் செய்தி

கட்டளைப் பணியாளர் சம்மனைக் கொண்டு போய் என்ன செய்ய வேண்டும் என்பதை 1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 5-ஆவது உத்தரவு விஸ்தாரமாய்ச் சொல்லுகிறது. கூடிய வரையில் பிரதிவாதியிடம் நேரில் கொடுக்க வேண்டும். அவர் வீட்டில் இல்லாமல், நியாயமான காலத்துக்குள் காணவும் முடியாமல் இருந்தால், கூட வசிக்கும் குடும்பத்தில் வயது வந்த ஒருவரிடம் கொடுக்கலாம்; வேலைக்காரர் குடும்பத்தார் ஆகமாட்டார். வெகு காலம் வரையில் ‘வயது வந்த ஆண்’ என்றே சட்டத்தில் இருந்தது. வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்க, அவருடைய மனைவி வாசலில் நின்றாலும் அவரிடம் சம்மனைக் கொடுக்க வழியில்லை! 1976-ஆம் வருஷத்துத் திருத்தம் 1977 பிப்ரவரியில் அமுலுக்கு வந்த பின்னரே பெண்களும் வாங்கலாம் என்று ஆயிற்று. பஞ்சாலையில் வேலை செய்து குடும்பத்தைத் தாங்குகிற ஸ்திரீகள் நிறைந்த ராஜபாளையத்தில், ஸ்திரீயின் கையொப்பம் கோர்ட்டுக்குப் போதாது என்று அத்தனை காலம் நடந்து வந்ததை இன்று நினைக்கவே விநோதமாயிருக்கிறது.

பிரதிவாதி வாங்க மறுத்தாலோ, தேடியும் அகப்படாமல் வேறு யாரும் இல்லாமற் போனாலோ, வாசற்கதவில் நகலை ஒட்டிவிட்டு, எந்தச் சந்தர்ப்பத்தில் ஒட்டினார், வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டப்பட்டது என்று எழுதித் திருப்ப வேண்டும். இங்கேதான் அபாயம் இருக்கிறது. ‘பிரதிவாதி ஊரில் இல்லை, கதவில் ஒட்டப்பட்டது’ என்று ஒரு வரி எழுதுவதற்கு நடக்க வேண்டியதில்லை, வெயிலில் அலைய வேண்டியதில்லை, பஸ் சத்தமும் வேண்டியதில்லை. அந்த ஒரு வரியை நம்பி, பிரதிவாதி ஆஜராகவில்லை என்று எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆகிறது. நெசவாளிக்குத் தம் மேல் ஒரு வழக்கு இருந்ததென்பதே ஜப்தி செய்ய அமீனா வாசலில் வந்து நிற்கும் நாளில்தான் தெரிகிறது. அவர் கடன் வாங்கியது மெய்யாயிருக்கலாம். பாதி கட்டித் தீர்த்ததும் மெய்யாயிருக்கலாம். தீர்த்ததைச் சொல்வதற்குரிய நாள் அவருக்குத் தெரியாமலே கழிந்து போயிற்று.

சட்டம் இதற்குப் பரிகாரம் வைத்திருக்கிறது என்பது உண்மையே. சம்மன் சரியாகச் சேர்ப்பிக்கப்படவில்லை என்று காட்டினால் அந்த டிக்ரியை ரத்துச் செய்யலாம். டிக்ரி ஆன சங்கதி தெரிந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் மனுச் செய்துகொள்ள வேண்டும். ஆனால் அந்த மனுவுக்கு வக்கீல் வேண்டும், செலவு வேண்டும், கூலியை விட்டுக் கோர்ட்டுக்கு அலைய நாட்கள் வேண்டும். அதோடு சம்மன் வரவில்லை என்பதைக் காட்டும் பாரமும் அவர் தலைமேலேயே விழுகிறது. வராத ஒன்றை வரவில்லையென்று ருசுப்படுத்துவது லேசான காரியமா?

இதற்கு நேர் எதிரான அநியாயமும் நடக்கிறது. விஷயந்தெரிந்த கடனாளி சம்மன் வருகிற தினங்களில் வீட்டில் இருப்பதில்லை. இருந்தாலும் ‘அவர் திருப்பூர் போயிருக்கிறார்’ என்று உள்ளேயிருந்து குரல் வரும். சம்மன் திரும்பி வரும், மறுபடி பேட்டா, மறுபடி வாய்தா. மறுபடி சம்மன் கேட்பதற்கு வாதி தாமதித்தால் வழக்கே தள்ளுபடியாகலாம். ஆகவே கட்டளைப் பணியாளரின் சோம்பலினால் இரண்டு தரப்பாரும் சேதப்படுகிறார்கள். பிரதிவாதி எதிர் வழக்குரை தாக்கல் செய்ய வேண்டிய முப்பது நாட்களும் சம்மன் சேர்ந்த தினத்திலிருந்தே கணக்கிடப்படுகின்றன. அந்தத் தினம் எது என்று எழுதுகிறவர் ஜில்லா ஜட்ஜ் அல்ல. சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ போய் வந்த அந்தச் சிப்பந்திதான்.

2002-ஆம் வருஷத்துத் திருத்தங்களினால் தபால், கூரியர், மின்னஞ்சல் ஆகிய வழிகளும் திறக்கப்பட்டன. வாதியே நேரில் சம்மனைக் கொடுக்கவும் கோர்ட்டு அனுமதிக்கலாம். இத்திருத்தங்களை ஆட்சேபித்துச் சேலம் வக்கீல்கள் சங்கத்தார் தொடுத்த வழக்கில்தான் சுப்ரீம் கோர்ட்டு 2002-லும் 2005-லும் இவை எவ்விதம் நடைபெற வேண்டும் என்று விளக்கிற்று. தமிழ்நாட்டு ஜில்லா நகரம் ஒன்றின் வக்கீல்கள் தேச முழுமைக்கும் செய்த உபகாரம் இது. பணியாளர் கையில் செல்போன் கொடுத்து, அவர் போன இடத்தையும் நேரத்தையும் பதிவு செய்யும் ‘என்ஸ்டெப்’ என்னும் ஏற்பாடும் கோர்ட்டுகளுக்காக வகுக்கப்பட்டிருக்கிறது. போகாமலே போனதாய் எழுதுவது அதனால் கடினமாகும். இந்த ஒரு விஷயத்தில் யந்திரத்தை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் மின்னஞ்சலில் வந்த சம்மனைப் படிக்காத கிழவருக்கு அது வந்ததாக அர்த்தமாகாது. கிராமத்தில் வாசலில் நின்று, ‘இது கோர்ட்டுச் சம்மன், இன்ன தேதியில் ஆஜராக வேண்டும்’ என்று வாயால் சொல்லும் மனிதருக்குப் பதிலாக எந்த யந்திரமும் வந்துவிடவில்லை.

ஜப்தி செய்யக் கூடாதவை

டிக்ரி ஆன பிறகு அமீனாவின் வேலை ஆரம்பமாகிறது. அசையும் பொருளானால் நேரில் கைப்பற்றுகிறார். நிலமோ வீடோ ஆனால் தண்டோராப் போட்டு அறிவித்து, அந்த இடத்திலும் கோர்ட்டிலும் உத்தரவின் நகலை ஒட்டுகிறார். தீர்வை கட்டும் நிலமாயின் கலெக்டர் கச்சேரியிலும் ஒட்ட வேண்டும். ஏலம் எடுத்தவர் அங்கேயே கால் பங்குத் தொகையைக் கட்ட வேண்டும்; மீதியைப் பதினைந்து நாளுக்குள் கட்ட வேண்டும். தவறினால் மறு ஏலம். இந்த ஒவ்வொரு படியிலும் நாசர் கச்சேரியில் ஒரு காகிதம் எழுதப்படுகிறது. ஒரு காகிதம் பிசகினால் ஏலமே செல்லாமற் போகக்கூடும். அதனால் நஷ்டப்படுகிறவர்களில் காசு கொடுத்து ஏலம் எடுத்த மூன்றாம் மனிதரும் உண்டு.

அமீனா எதை எடுக்கக் கூடாது என்பதைத்தான் ஜனங்கள் அதிகமாய் அறிந்திருக்க வேண்டும். 60-ஆவது பிரிவின்படி உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை இவற்றைத் தொடக்கூடாது. மத ஆசாரப்படி ஸ்திரீகள் கழற்றக் கூடாத ஆபரணத்தைத் தொடக்கூடாது. நம் நாட்டில் அது தாலி என்று சொல்லத் தேவையில்லை. தொழிலாளியின் தொழிற்கருவி, உழவனின் கலப்பை, உழவுக்கு வேண்டிய மாடு, விதை தானியம், விவசாயியும் கூலியாளும் குடியிருக்கும் வீடு ஆகியவையும் தப்பியவை. ஆகவே நாம் சொன்ன நெசவாளியின் கைத்தறியை நூல் வியாபாரியின் டிக்ரிக்காக எடுத்துச் செல்ல முடியாது. தறி போனால் கடனைத் தீர்க்கும் வழியும் போகுமல்லவா? சட்டம் எழுதியவர்களுக்கு இந்த மட்டும் உலக அனுபவம் இருந்திருக்கிறது.

இதே பிரிவில் ஒரு கேலிக்கூத்தும் இருக்கிறது. சம்பளத்தில் ஜப்திக்குத் தப்பும் பகுதி முதல் 1,000 ரூபாயும் மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கும் என்று 1999-ஆம் வருஷத்துத் திருத்தம் ஏற்படுத்திற்று. அதற்கு முன் அந்த முதல் தொகை 400 ரூபாயாயிருந்தது. ஆயிரம் ரூபாய்க்கு அன்று ஒரு குடும்பம் எத்தனை நாள் சாப்பிட்டது, இன்று எத்தனை நாள் சாப்பிடும் என்று பார்லிமெண்டு அங்கத்தினர்கள் ஒரு முறையாவது கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நுழையும் விதத்துக்கும் வரம்பு உண்டு. சூரியன் அஸ்தமித்த பின்னும் உதயமாகுமுன்னும் குடியிருக்கும் வீட்டுக்குள் புகக்கூடாது. கடனாளியின் சுவாதீனத்தில் உள்ள வீடாயிருந்து, அவர் வழிவிட மறுத்தாலொழிய வெளிக்கதவை உடைக்கக் கூடாது. பண டிக்ரிக்காக ஸ்திரீகளைக் கைது செய்யக் கூடாது; மொத்தத் தொகை 2,000 ரூபாய்க்கு மேற்படாத டிக்ரிக்கு யாரையும் சிவில் சிறையில் வைக்கக் கூடாது. கொடுக்கச் சக்தியில்லாத காரணத்துக்காக மட்டும் ஒருவனைச் சிறையில் தள்ளுவது நியாயமல்ல என்று, கொச்சி வங்கி ஒன்று பிரதிவாதியாயிருந்த அப்பீலில், ஜஸ்டிஸ் கிருஷ்ணய்யர் 1980-ஆம் வருஷத்திலேயே தீர்ப்பளித்திருக்கிறார். இவையெல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. வாசலில் நிற்கிற இருவரில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால்தான் அவற்றால் பிரயோஜனம். கடனாளிக்குத் தெரியாது, அமீனாவுக்கேனும் நிச்சயமாய்த் தெரிந்திருக்க வேண்டாமா? சேர்ந்தவுடன் அவருக்கு எத்தனை நாள் சட்டப் பயிற்சி கொடுக்கப்படுகிறது, பிறகு எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை கொடுக்கப்படுகிறது என்பது சட்டசபையில் கேட்கத் தகுந்த கேள்வி.

டிக்ரிதாரரின் துயரம்

இந்தியாவில் வழக்காளியின் கஷ்டம் டிக்ரி கிடைத்த பிறகே ஆரம்பமாகிறது என்ற கருத்தை லண்டன் பிரிவி கௌன்ஸிலார் 1872-ஆம் வருஷத்திலேயே வெளியிட்டார்கள். வெள்ளைக்காரர் ஆட்சியில் வந்த வியாதிதானே, சுயராஜ்யம் வந்ததும் தீர்ந்துவிடும் என்று எண்ணியிருந்தவர்கள் ஏமாந்தார்கள். நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2021-இல் உத்தரவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து போன ஓர் அப்பீலில் 2025 மார்ச்சு மாதத்தில் மறுபடியும் அதையே வற்புறுத்தி, எல்லா ஹைக்கோர்ட்டுகளும் நிலுவைக் கணக்கை அனுப்பும்படி கேட்டது. கணக்கு வந்தது. தேச முழுவதிலும் 8 லட்சத்து 82 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறைவேற்று மனுக்கள் நிலுவையில் இருந்தன. தமிழ்நாட்டில் மட்டும் 86,000-க்கு மேல். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த ஸ்தானம் நமக்கு. இவ்விஷயத்தில் இரண்டாவதாய் வந்ததற்கு நாம் மார்தட்டிக் கொள்ள முடியாது.

இந்த 86,000 பேரும் ஜெயித்தவர்கள் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். வழக்கு நடந்தது, சாட்சி சொன்னார்கள், நீதிபதி தீர்ப்புச் சொன்னார், அப்பீல் இருந்தால் அதுவும் முடிந்தது. இருந்தும் பணமோ நிலமோ கைக்கு வரவில்லை. தாமதத்துக்குக் கடனாளிகளின் சாமர்த்தியமும், ஓயாத ஆட்சேப மனுக்களும், வாய்தா கேட்கும் வழக்கமும் காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் நோட்டீசு சேராமல் எத்தனை மனுக்கள் கிடக்கின்றன, அமீனா போகாமல் எத்தனை கிடக்கின்றன, போலீஸ் துணை கிடைக்காமல் எத்தனை கிடக்கின்றன என்று கோர்ட்டு வாரியாகப் பிரித்துப் பார்த்தால், நோய் நீதிபதியின் மேஜையில் எவ்வளவு, நாசரின் மேஜையில் எவ்வளவு என்று தெரிந்துவிடும். இந்தப் புள்ளிவிவரத்துக்குப் புதிதாக ஒரு கமிஷன் வேண்டியதில்லை. நாசர் கச்சேரிப் புத்தகத்திலேயே அது இருக்கிறது.

அமீனாக்களைத் திட்டுவது எளிது. அவர்களுடைய நிலைமையையும் பார்க்க வேண்டும். காலி செய்ய மறுக்கும் வீட்டின் முன், ஊரார் கூடி நிற்க, ஒரு காகிதத்தைக் கையில் பிடித்துக் கொண்டு நிற்பவர் அவர். அவர் மீது கல் விழலாம். போலீஸார் வேண்டுமென்றால் அதற்குத் தனியாகக் கோர்ட்டு உத்தரவு வாங்க வேண்டும். செலவுக்குச் சர்க்கார் கொடுக்கும் படி போதாமற் போனால், டிக்ரிதாரர் வண்டி அமர்த்திச் சாப்பாடும் வாங்கிக் கொடுத்து அழைத்துப் போகிறார். ஒரு கட்சியின் வண்டியில் போய் இறங்கும் உத்தியோகஸ்தரை எதிர்க்கட்சி எவ்விதம் நடுநிலையாளர் என்று நம்பும்? லஞ்சம் இந்த வாசல் வழியாகத்தான் நுழைகிறது. கட்சிக்காரர்களிடம் கட்டணத்தை வாங்கிக் கொள்ளும் சர்க்காரே வண்டிச் செலவையும் ஏற்பதுதான் முறை. ஸ்ரீவில்லிபுத்தூர் நாசருக்கு ஒன்று, ராஜபாளையத்துக்கு ஒன்று என்று இரண்டு வாகனம் கொடுப்பதனால் கஜானா காலியாகிவிடாது.

வேறு சில காரியங்கள் பணமே இல்லாமல் செய்யக் கூடியவை. கதவில் ஒட்டியதாக எழுதும் ஒவ்வொரு சம்மனுக்கும் ஒட்டிய கதவின் படத்தைச் செல்போனில் எடுத்து வழக்கின் பதிவோடு சேர்க்க வேண்டும். அதைக் கட்சிக்காரர் யாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். பணியாளரின் அறிக்கை அவர் பிரமாணத்தோடு இல்லாதபோது அவரை விசாரிக்க வேண்டும் என்பது 5-ஆவது உத்தரவின் 19-ஆவது விதி. வழக்கு மிகுதியைக் காட்டி இவ்விசாரணையைச் சடங்காக்கிவிடக் கூடாது. மாதந்தோறும் எத்தனை சம்மன் வந்தது, எத்தனை நேரில் சேர்ந்தது, எத்தனை ஒட்டப்பட்டது, எத்தனை திரும்பிற்று என்ற கணக்கை ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டு அறிவிப்புப் பலகையில் போடலாம். ஒரு பணியாளரின் வட்டத்தில் மட்டும் ஒட்டியவை அதிகமாயிருந்தால் ஏன் என்று கேட்க ஜில்லா ஜட்ஜுக்கு ஒரு நிமிஷம் போதும்.

சம்மனின் மறுபக்கம் வெறுமையாய்க் கிடக்க வேண்டிய அவசியமில்லை. அங்கே பெரிய தமிழ் எழுத்தில் நாலைந்து வாக்கியம் அச்சிடலாம்: உம்முடைய மேல் இன்னார் இவ்வளவு தொகைக்கு வழக்குத் தொடுத்திருக்கிறார்; இன்ன தேதியில் வராவிட்டால் உம்மைக் கேளாமலே தீர்ப்பாகும்; ஸ்திரீகளுக்கும், ஆதிதிராவிடர் பழங்குடியினருக்கும், தொழிலாளருக்கும், குறைந்த வருமானமுள்ளவர்களுக்கும் 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி வக்கீல் இலவசமாய்க் கிடைப்பார்; அதற்குக் கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கவும்; உமது தறியையும் ஏரையும் பாத்திரத்தையும் தாலியையும் கடனுக்காக யாரும் எடுக்க முடியாது. இதற்கு வேண்டிய மை ஒரு தாளுக்கு ஒரு காசு கூட ஆகாது. அடுத்த முறை படிவம் அச்சுக்குப் போகும் முன் ஹைக்கோர்ட்டார் இதை உத்தரவிடலாம்.